ஒட்டிய லெகோ மாதிரியைக் கழற்றாமல் சீர்செய்வது

கடைக் கண்ணாடிக்குள் வைப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே கட்டி, ஒட்டி அனுப்பிய பழைய லெகோ மாதிரி (ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளால் ஆனது) ஒன்று கைக்குக் கிடைத்தால், அதைக் கழற்றிக் கழுவலாம் என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். அந்தப் பசை இரண்டு கட்டைகளுக்கு நடுவே காய்ந்து கிடக்கும் பசை அல்ல. கட்டைகளின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்ட பசை. நெம்பினால் மூட்டு விடாது, கட்டையின் மேல் துருத்தி நிற்கும் குமிழ்தான் பிய்ந்து வரும். இந்த மாதிரிகள் டென்மார்க்கில் பில்லுண்ட் தொழிற்சாலையின் மாதிரிக்கூடத்தில் மனிதக் கைகளால் கட்டப்பட்டவை. 1960களில் அங்கே டக்னி ஹொல்ம் போன்றவர்கள் கட்டியவற்றைப் பார்க்க ஊர்ஊராக ஆட்கள் வந்தார்கள். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்கப் பிறந்த யோசனைதான் 1968இல் திறந்த லெகோலாண்ட் கேளிக்கைப் பூங்கா. ஆகவே மூட்டில் வழிந்து காய்ந்த பசைத்துளியும் நாம் காப்பாற்ற வேண்டிய ஒன்று.

நான் இருப்பது பிராண்டவில், பில்லுண்டுக்குப் பக்கம். இந்தப் பகுதியில் ஒரு பொம்மைக் கடை மூடப்பட்டால் அதன் பரணில் கிடந்தவை எப்படியும் பழைய பொருட்சந்தைக்கு வந்து சேரும். இப்போது என் மேசையில் இருப்பது வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக ஒரு ரயில் நிலையம், மரத்தூள் பலகை ஒன்றின்மேல். தெருவைப் பார்த்திருந்த சுவர் பழுத்த மஞ்சள். கடையின் உட்புறம் பார்த்த சுவர் இன்னும் வெள்ளை. கீழே சொல்வதெல்லாம் இதைப் போன்றவற்றில் நான் செய்துவரும் வேலைதான்.

முதலில் காலம். கழன்று கிடக்கும் கட்டை ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். இரண்டு வரிசைக் குமிழ் உள்ள கட்டையாக இருந்தும் உள்ளே குழாய் எதுவும் இல்லாமல் வெறும் குழியாக இருந்தால், அது பழைய அச்சு. குழாய் வைத்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டது 1958 ஜனவரி 28இல். அதைவிட முக்கியமானது பிளாஸ்டிக் எது என்பது. 1963 வரைக்கும் செல்லுலோஸ் அசிடேட், அந்த ஆண்டு தொடக்கம் ஏபிஎஸ் என்னும் வேறொரு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். இரண்டையும் பிரித்தறிய உப்புநீர் போதும். அரை லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பு இனிக் கரையாது என்னும் வரை கலக்குங்கள், 180 கிராம் வரை பிடிக்கும். ஆறியதும் கழன்ற கட்டையை உள்ளே அழுத்தி, குழிக்குள் இருக்கும் காற்றை ஊசியால் வெளியேற்றிவிட்டுக் கையை எடுங்கள். ஏபிஎஸ் மிதந்து மேலே வரும், அசிடேட் அடியிலேயே கிடக்கும். காற்றை வெளியேற்றாமல் பார்த்தால் பதில் பிழையாக வரும். பிறகு கட்டையை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

அடியில் கிடந்தால் உங்கள் வேலை சுருக்கம். அசிடேட் காலப்போக்கில் வளைந்து முறுகும், மோசமானதில் வினாகிரி மணமும் வரும். அதை ஊறவைக்கக் கூடாது, நிறம் வெளுக்கப் பயன்படும் பெராக்சைட் பக்கம் கொண்டுபோகக் கூடாது, வளைவை நிமிர்த்தவும் முயலக் கூடாது. தூசி தட்டி, ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, காற்று நடமாடும் இடத்தில் வையுங்கள். அடைத்த பெட்டிக்குள் வைத்தால் அந்த அமிலமணம் உள்ளேயே சுற்றி இன்னும் கெடுக்கும்.

ஏபிஎஸ் என்றால் தொடரலாம். தொடும் முன் நான்கு பக்கமும் மேலும் கீழும் படம் எடுங்கள். அடிப்பலகையில் கடதாசிச் சீட்டு, முத்திரை, பென்சில் எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்துக்குத் தண்ணீரே போகக் கூடாது.

தூசிக்கு முகப்பூச்சுத் தூரிகை நல்லது. தூசி உறிஞ்சியின் வாயில் பழைய நைலோன் காலுறையை மாட்டி, இறப்பர் வளையம் போட்டு, ஒரு கையால் தூரிகையைத் தட்டத் தட்ட மற்றக் கையால் உறிஞ்சுங்கள். கழன்ற சின்னத் துண்டு எதுவானாலும் காலுறையில் நின்றுவிடும். ஜன்னல், வேலி, கொடிக்கம்பம் போன்ற மெல்லிய இடங்களில் அவசரம் வேண்டாம்.

அப்புறம் அழுக்கு. முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்தவே கூடாது. ஒட்டிய கட்டைகளுக்குள் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லை, மரத்தூள் பலகையோ ஈரம் குடித்து வீங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, நீர் 40 பாகைக்கு மேல் போகாமல். அதில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, பிழிந்து, நான்கு குமிழுக்கு ஒரு குச்சி என்ற கணக்கில் வேலை செய்யுங்கள். குமிழைச் சுற்றி வட்டமாக உருட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. குமிழின் மேல் இருக்கும் லெகோ எழுத்தின் இடுக்கில் கருமை தங்கியிருக்கும். அதற்கு மரப் பல்குத்தியின் முனையை மென்று தும்பாக்கி எடுத்தால் வடிவாகச் சுத்தமாகும்.

இந்த வேலையின்போது குச்சியின் நிறத்தைக் கவனியுங்கள். தேன் நிறத்தில் பஞ்சு மாறினால் அது சிகரெட் புகை. அந்தக் காலத்துக் கடைகளுக்குள் புகைக்காதவர்கள் குறைவு. அது முழுதாகக் கழுவப்பட்டுப் போகும், சுவர் பாதி வெளுத்துவிடும். பஞ்சு சுத்தமாக இருந்தும் சுவர் மஞ்சளாகவே இருந்தால், அது பிளாஸ்டிக்கே மாறிய மஞ்சள். வெயிலின் புறஊதாக் கதிர் ஏபிஎஸ்ஸில் உள்ள பியூட்டடையீன் பகுதியை ஒட்சியேற்றியிருக்கிறது. எந்தச் சவர்க்காரத்துக்கும் அது அசையாது.

அதற்குத்தான் எல்லோரும் பெராக்சைட் என்கிறார்கள். பலன் உண்டு. கழன்ற வெள்ளைக் கட்டைகளை 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைட்டில் மூழ்கவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் வெயிலில் வைத்தால் பல மணி நேரத்தில் வெளுக்கும். கையுறையும் கண் காப்பும் கட்டாயம், இறுக்கி மூடிய போத்தலுக்குள் வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். 12 சதவீதத்துக்கு மேற்பட்டதை ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுமக்களுக்கு விற்க முடியாது, தேவையும் இல்லை. ஆனால் ஒட்டிய மாதிரிக்கு இதைச் செய்ய நான் உடன்படமாட்டேன். பெராக்சைட் கலந்த சிகையலங்காரக் களிம்பைச் சுவரில் பூசினால் ஓரிடம் காய்ந்து ஓரிடம் ஈரமாக இருந்து வரிவரியாக வெளுக்கும். நீலக் கட்டையில் வெண்திட்டு விழும், அதைத் திருப்ப முடியாது. இவ்வளவும் பட்டு வெளுத்த சுவர் சில ஆண்டுகளில் மறுபடி மஞ்சளாகலாம். கடைக்குள் எந்தப் பக்கம் கண்ணாடியைப் பார்த்திருந்தது என்பதற்கு அந்தச் சுவர்தான் சாட்சி. விடுங்கள், இருக்கட்டும்.

உடைந்த கட்டையை மாற்றுவதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீற்றர், கட்டையின் உயரம் 9.6 என்ற அளவு மாறவேயில்லை. அதனால் ஏபிஎஸ் காலத்து எந்தக் கட்டையும் அளவில் பொருந்தும். பொருந்தாதது நிறம். சாம்பல் நிறத்தை 2004ஐ ஒட்டி நீலம் கலந்த சாம்பலாக மாற்றிவிட்டார்கள், ஆகவே புதுப் பெட்டிச் சாம்பல் பழைய தண்டவாளத்தின் பக்கத்தில் கண்ணை உறுத்தும். வெள்ளைக்கும் அப்படித்தான்: மஞ்சள் சுவருக்கு மஞ்சளான கட்டையே வேண்டும். பொருட்சந்தையில் யாரும் தொடாத பழுத்த வெள்ளைக் கட்டைகளை நான் கிலோக் கணக்கில் வாங்கி, நிறவாரியாகப் பேணிகளில் போட்டு வைத்திருக்கிறேன். இணையத்தில் லெகோக் கட்டைகள் விற்கும் பிரிக்லிங்க் தளம் உண்டு, ஆனால் மஞ்சளின் அளவைக் கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மின்விளக்கில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

உடைந்ததை எடுக்க மெல்லிய பல்லுள்ள சிறு ரம்பத்தால் அதன் நடுவே வெட்டி, உள்ளிருந்து துண்டு துண்டாகக் குறட்டால் எடுங்கள். கீழ்க்கட்டையின் குமிழ்களைக் காப்பாற்றுவதே குறி. குமிழில் ஒட்டி நிற்கும் எச்சத்தை நேரான கூர்த்தகட்டால் சீவலாம். தேய்க்க வேண்டியிருந்தால் தண்ணீர்க் கடதாசியை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்தே தேயுங்கள். பழைய சிவப்பு, மஞ்சள் கட்டைகளில் காட்மியம் நிறமி கலந்தவை உண்டு, அந்தத் தூள் மூக்குக்குள் போகக் கூடாது. மேலேயும் கீழேயும் கட்டைகள் ஒட்டியிருந்தால் புதுக் கட்டை முழுதாக உள்ளே போகாது. அப்போது அதன் முகப்பை மட்டும் வெட்டி, ஓடுபோலச் செருகுவேன்.

குமிழ் பிழைத்திருந்தால் பசையே வேண்டாம், பிடி போதும். குமிழ் பிய்ந்த இடத்தில் மட்டும், ஏபிஎஸ்ஸுக்கான கரைப்பான் பசையை ஊசிமுனையால் உள்விளிம்பில் ஒரு புள்ளி வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வேலை செய்யுங்கள். சுப்பர்குளூ கூடாது. அதன் ஆவி படிந்து சுற்றியுள்ள கட்டைகளில் வெண்புகை பூத்துவிடும். பழைய பசை வழிந்த இடத்தை அசிற்றோனால் துடைக்கவும் போகாதீர்கள், கட்டையே கரையும்.

மின்விளக்கு உள்ள மாதிரியானால், வயர் எங்கே போகிறது என்று தெரியாமல் செருகியைச் சுவரில் போடக் கூடாது. பழைய மின்மாற்றியை மின்வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பிளெக்ஸி (கண்ணாடி போன்ற அக்கிரிலிக்) மூடி இருந்தால் அதைச் சவர்க்கார நீரும் மென்துணியும் கொண்டு மட்டும் கழுவுங்கள். ஜன்னல் துடைக்கும் திரவத்தில் உள்ள மதுசாரம் அதில் நுண்வெடிப்பு ஏற்படுத்தும். மூடி இல்லையென்றால் புறஊதா தடுக்கும் அக்கிரிலிக்கில் ஒன்று வெட்டித்தரச் சொல்லலாம், செலவுக்குத் தகுந்தது. நான் ரயில் நிலையத்தை வடக்குப் பக்கத்து அறையில், ஹீட்டரில் இருந்து தள்ளி, மஞ்சள் சுவர் முன்னால் தெரியும்படி வைத்திருக்கிறேன்.