ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் கிழமையும் பார்க்க வேண்டும்

ஒவ்வொரு ஆவணியிலும் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கமிருந்து நாலைந்து பிள்ளைகளாவது எனக்கு போன் செய்வார்கள். ஜெர்மனியில் இடம் கிடைத்துவிட்டது, விசா வந்துவிட்டது, இனி என்ன செய்யணும் என்று கேட்பார்கள். இரண்டு நிமிடம் பேசினாலே தெரிந்துவிடும், நான் அன்றைக்குச் செய்த அதே தவறுகளை நோக்கித்தான் போகிறார்கள் என்று. பாஸ்போர்ட் பத்திரம், குளிருக்கு ஸ்வெட்டர் என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

நாள் பார்த்தோம், கிழமை பார்க்கவில்லை

நான் போனது 2016-ல். அந்த வருடம் மாளய அமாவாசை செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை. பட்சம் முடியாமல் பிள்ளை கடல் தாண்டக் கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார். அவர் காவிரிக்கரையில் தர்ப்பணம் முடித்து வந்த பிறகு, சாப்பிட்டு, மதியம் காரில் கிளம்பி, பின்னிரவில் சென்னையில் விமானம் ஏறினேன். பிராங்பர்ட்டில் இறங்கி, இரண்டு ரயில் மாறி, விடுதி வாசலில் போய் நின்றபோது சனிக்கிழமை மாலை ஆறு மணி.

கதவு பூட்டியிருந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு காகிதம்: திங்கள் முதல் வெள்ளி வரை, 9 முதல் 12 வரை. சாவி ஹவுஸ்மைஸ்டரிடம் இருக்கும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நம் ஊர் வாட்ச்மேன் மாதிரி ராத்திரி பகல் அங்கேயே இருப்பவர் இல்லை. சரி, ஞாயிறு ஒரு நாள்தானே, திங்கள் காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திங்கள்கிழமை அக்டோபர் 3. இரண்டு ஜெர்மனியும் ஒன்றான நாள், நாடு முழுக்க விடுமுறை.

ஞாயிறும் விடுமுறை நாளும் அங்கே கடை திறக்காது. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள், பெட்ரோல் பங்க் போன்றவைதான் கதி. அது தெரியாமல் சனிக்கிழமை ராத்திரி ஒரு ரொட்டிகூட வாங்கி வைக்கவில்லை. அம்மா கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டில் நிறைய இருந்தது, பிசையச் சோறு இல்லை. முறுக்கை ஒடித்து அதில் தொட்டுத் தின்றேன். மூன்று ராத்திரி லாட்ஜில் தங்கியதற்கு 210 யூரோ, அன்றைய கணக்கில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். அம்மாவின் வளையலை அடகு வைத்து எடுத்துக் கொடுத்த பணம் அது.

இதைக் கேட்கிற எல்லாரிடமும் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். ஆனாலும் நடக்கிறது. 2025-ல் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவன், விஜயதசமியில் தொட்டது துலங்கும் என்று அக்டோபர் 2, வியாழக்கிழமை விடியற்காலை விமானம் ஏறி அன்று ராத்திரியே போய் இறங்கினான். மறுநாள் வெள்ளி, அதே அக்டோபர் 3. அப்புறம் சனி, ஞாயிறு. நாலு ராத்திரி வெளியே. அவன் போன் செய்தபோது எனக்கு வந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

நஷ்டம் லாட்ஜ் வாடகையோடு நிற்பதில்லை. குடியேறினால்தான் வீடு கொடுத்தவர் சான்று தருவார். அந்தச் சான்று இருந்தால்தான் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதியலாம். குடியேறி இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். பதிந்த சீட்டைப் பார்த்துத்தான் பல வங்கிகள் கணக்குத் திறக்கும், கணக்கு இருந்தால்தான் பிளாக்டு அக்கவுன்ட்டில், அதாவது விசாவுக்காக முன்கூட்டியே கட்டி முடக்கி வைக்கும் கணக்கில், நீங்கள் கட்டிய பணம் மாதாமாதம் வரும். தலைமதகு திறக்காமல் கடைமடைக்குத் தண்ணீர் எப்படி வரும்?

விடுதி ஒப்பந்தம் பெரும்பாலும் அக்டோபர் 1-ல்தான் தொடங்கும். அதற்கு அடுத்து வரும், அக்டோபர் 3 அல்லாத செவ்வாய் அல்லது புதன் காலை ஒன்பது மணிக்கு விடுதி வாசலில் நிற்கிற மாதிரி டிக்கெட் எடுங்கள். அதற்கு முந்தின ராத்திரி ஓர் இடம் புக் செய்ய வேண்டியிருந்தால் பரவாயில்லை, அது ஒரு ராத்திரிதான்.

செவ்வாய்க்கிழமைப் பயணமா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். அதற்குப் பெரியவர்களே வழி வைத்திருக்கிறார்கள்: பரஸ்தானம். நல்ல நாளில், நல்ல நேரத்தில் ஒரு பையைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. என் தங்கை 2019-ல் அப்படித்தான் போனாள். அவளுடைய நீலப் பை எதிர்வீட்டு மாமி வீட்டு ரேழியில் இரண்டு நாள் இருந்தது. தாத்தாவுக்கு மனசு நிறைந்தது. அவள் புதன்கிழமை பத்தரை மணிக்குச் சாவியின் படத்தை அனுப்பினாள்.

வெள்ளி, சனியைத் தவிர்க்கவே முடியாது என்றால், இரண்டு வாரம் முன்பே ஹவுஸ்மைஸ்டருக்கு மெயில் போடுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதமும் பாஸ்போர்ட் நகலும் இருந்தால் அங்கே இருக்கும் நண்பர் உங்கள் சாவியை வாங்கி வைக்கலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

பிளாக்டு அக்கவுன்ட்டை நம்பி வெறுங்கையோடு போவது

2024 செப்டம்பரிலிருந்து அதில் 11,904 யூரோ காட்ட வேண்டும், மாதத்துக்கு 992. பணம் உங்களுடையதுதான், ஆனால் முதல் தவணை கைக்கு வரச் சில வாரம் ஆகலாம். அதற்குள் முதல் மாத வாடகை, அட்வான்ஸ், சாப்பாடு எல்லாம் வந்து நிற்கும். மூன்று மாத வாடகை வரை அட்வான்ஸ் கேட்க அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. இதைத் தனியாகக் கணக்குப் போட்டு ஃபாரெக்ஸ் கார்டில் எடுத்துப் போங்கள்.

நெய்

வேண்டாம். பால் பொருளையும் இறைச்சியையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. கொல்லையில் பறித்த கறிவேப்பிலையும் வேண்டாம், பொடியாக்கி எடுத்துப் போங்கள்.

இரண்டு தனி டிக்கெட்

நடுவில் விமானம் மாறும் பயணத்துக்கு, நாலாயிரம் மிச்சம் என்று ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போச்சு.

பெயர்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். சான்றிதழில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம் என்றால் ஊரில் இருக்கும்போதே சரி செய்துவிடுங்கள்.

சாவி வாங்கிய அன்றே தபால்பெட்டியில் உங்கள் பெயரை, பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி, ஒட்டுங்கள். அங்கே தபால்காரர் அறை எண்ணைத் தேட மாட்டார், பெயரைத்தான் தேடுவார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி கார்டின் ரகசிய எண்ணும் வரி எண்ணும் தபாலில்தான் வரும். என் வங்கிக் கடிதம் இரண்டு தடவை திரும்பிப் போனது. மூன்றாம் தடவை வந்தபோது நவம்பர் பிறந்திருந்தது.