டாரன்ட்டுல ஃபைல ஆளுக்கு ஆள் நேரா பகிர்ந்துக்குறாங்க, நடுவுல சர்வரே இல்ல, அப்போ டேட்டாக்கு யாரு வழி சொல்றாங்க?

மூலக்கொத்தளத்துல நின்னுகினு காசிமேட்டுல வலை பின்றவர் ஒருத்தர் வீடு எங்கன்னு கேளுங்க, யாருக்கும் தெரியாது, ஆனா ராயபுரம் போய் கேளுன்னு கை காட்டுவாங்க, ராயபுரத்துல ஹார்பராண்ட போன்னுவாங்க, அங்க தெருவே சொல்லிடுவாங்க. டாரன்ட்டோட டிஹெச்டியும், அதாவது எந்த ஃபைல் யாருகிட்ட இருக்குன்னு எல்லா கம்ப்யூட்டரும் பிரிச்சி வெச்சிக்கிற லிஸ்ட்டும், இப்டித்தான் தேடுது. இதுக்கு அடிப்படை கடெம்லியான்ற முறை, 2002ல மேமூன்கோவ், மாசியர்னு ரெண்டு பேர் எழுதுனது.

ஒவ்வொரு நோடுக்கும், அதாவது நெட்வொர்க்ல இருக்குற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும், 160 பிட் ஐடி, ஃபைலுக்கும் அதே நீளத்துல ஒரு கீ. தூரத்த எக்ஸார் போட்டு பாக்கணும், இத கையால ஒரு வாட்டி போட்டாதான் புரியும், பேப்பர் எடுங்க. 4 பிட் போதும். தேடுற கீ 1100, அதாவது 12. நமக்கு தெரிஞ்ச நோடு ரெண்டு, 1011 அப்பால 1110, அதாவது 11, 14. பிட்டு ஒண்ணா இருந்தா 0, வேறயா இருந்தா 1. 11க்கு 0111 வரும், தூரம் 7. 14க்கு 0010, தூரம் 2. 12 பக்கத்துலயே 11 இருக்கேன்னு நெனச்சி எல்லாரும் இங்கதான் தப்பு பண்றாங்க. 14 கிட்டதான் கேக்கணும்.

நமக்கு தெரிஞ்ச நோடு லிஸ்ட்ல தூரத்து பாதி நெட்வொர்க்குக்கு 8 பேர், அடுத்த கால்வாசிக்கு 8 பேர், இப்டியே கிட்ட வர வர பாதி பாதியா கொறஞ்சி கடைசில அக்கம்பக்கம் மொத்தமும் தெரிஞ்சிரும். ஒவ்வொரு பதிலுக்கும் தூரம் பாதியாவது கொறையுது, 10 லட்சம் நோடு இருந்தாலும் சுமார் 20 தாவல்ல முடிஞ்சிரும். லிஸ்ட் ரொம்பிட்டா பழைய ஆளுக்கு பிங் அடிக்கும், இருக்கியான்னு கேக்கும், அவரு பதில் சொன்னா புதுசுக்கு எடம் கெடயாது. ரொம்ப நேரமா ஆன்ல இருக்குறவரு இன்னும் இருப்பாருன்னு கணக்கு. எனக்கு இதுல ரொம்ப புடிச்சதே இதான், போன வாரம் குடி வந்தவர வுட்டு பழைய டீக்கடைக்காரர கேக்குற மாதிரி.

நேர்ல பாக்க க்யூபிட்டாரன்ட்ன்ற டாரன்ட் சாஃப்ட்வேர தொறந்து டிஹெச்டி ஆன் பண்ணி, ஒரு லினக்ஸ் ஐஎஸ்ஓவோட மேக்னட் லிங்க் போடுங்க. லிங்க்குள்ள இருக்குற அந்த 40 எழுத்துதான் கீ. கீழ நோடு எண்ணிக்கை 0ல இருந்து கடகடன்னு ஏறும். மொத ஒரு பூட்ஸ்ட்ராப் நோடு, அதாவது மொத மொதல்ல போய் கேக்குற கம்ப்யூட்டர், அதோட அட்ரஸ் மட்டும் கண்டிப்பா வேணும், அது சாஃப்ட்வேர்லயே இருக்கும். டிஹெச்டி ஃபைல தராது, யாருகிட்ட இருக்குன்னு ஐபியும் போர்ட்டும்தான் தரும், அப்பால நேரா பேசிக்கணும்.

நோடு எண்ணிக்கை 0லயே நின்னா யூடிபி, அதாவது டிஹெச்டி பேசிக்கிற வழி, அடைச்சிருக்கலாம். வண்ணாரப்பேட்டைல நான் இருந்த ரூம்ல ரௌட்டர்ல ஃபயர்வால் போட்டு வெச்சிருந்தாங்க, ரெண்டு நாள் மண்டைய ஒடச்சிகினேன். மொதல்ல மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாத்தி பாருங்க, அங்க ஏறுனா பிரச்சன ரௌட்டர்லதான்.