வாசலில் நின்று கேட்காதீர்கள்: கிராமங்களில் மனநலச் செவிலியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். முக்கூடல் பக்கம் ஒரு தெரு. திண்ணைதோறும் பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கையில் ஃபைலோடு ஒரு வீட்டு வாசலில் நின்று, "எக்கா, மனசுக்குக் கொடுத்த மாத்திரையை ஒழுங்கா போடுதீங்களா?" என்று கேட்டேன். அந்த அக்கா நிமிரவே இல்லை. இலையைச் சுருட்டிய கையும் நிற்கவில்லை. எதிர்த் திண்ணையில்தான் கைகள் நின்றுபோயின. அடுத்த மாதம் அவர் மனநல முகாமுக்கு வரவில்லை.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவரை யாருக்கும் தெரியாது. ஊரில் அப்படியில்லை. ஒருவர் மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் அவர் தங்கச்சியின் கல்யாணப் பேச்சு வரைக்கும் அது போகும். சுகர், பிரஷருக்காக மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களோடு சேர்ந்து போங்கள், முதலில் பிரஷர் பாருங்கள், உள்ளே உட்காரச் சொன்ன பிறகு மற்றதைப் பேசுங்கள். பீடியைக் கடையில் கொடுக்கப் போகும் நேரத்தில் போய் நின்றால் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

"மன அழுத்தம் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். உறக்கம் எப்படி, சோறு இறங்குதா என்று கேளுங்கள். நெஞ்சு படபடங்குது, கை கால் ஒளையுது, ஒரே யோசனையா இருக்கு என்று ஒவ்வொன்றாக வரும். அதை வெறும் உடம்புவலி என்று எழுதி மூடிவிடக் கூடாது.

இருப்பதிலேயே பெரிய தவறு, பக்கவிளைவைச் சொல்லாமல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வருவது. கடும் மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் தொடங்கிய முதல் சில நாட்களில், அதிலும் இளவயது ஆண்களுக்கு, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும். வீட்டில் உள்ளவர்கள் அதைப் பேய் என்றுதான் நினைப்பார்கள், திருநீறு போடக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஓர் ஊசியில் சரியாகிவிடும் விஷயம் அது. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்திருப்பார்கள்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியமும் அப்படித்தான். சித்திரை வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் விட்டாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். உடம்புவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் அளவை ஏற்றிவிடும். கை நடுக்கம் கூடி, வாந்தி வந்து, பேச்சு குழறினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டி ரத்தம் பார்க்க வேண்டும். நம்மூரில் வலி மாத்திரை இல்லாத வீடே கிடையாது. லித்தியம் கொடுக்கும்போதே இதையும் சொல்லுங்கள்.

அப்புறம், சாமியோடு சண்டைக்குப் போகாதீர்கள். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் சாமியாடும் கோமரத்தாடி, சாமி மலையேறியதும் மறுநாள் வயலுக்குப் போய்விடுவார். அது நோயில்லை. கொடை முடிந்து வாரக்கணக்காகியும் உறங்காமல், சாப்பிடாமல், தனக்குள் பேசிக்கொண்டே ஒருவர் இருந்தால்தான் நாம் பார்க்க வேண்டும். கோயிலுக்கும் போங்கள், மாத்திரையும் போடுங்கள் என்றால் கேட்பார்கள். கோயிலுக்குப் போகாதீர்கள் என்றால் நம்மைத்தான் விடுவார்கள்.

2001ல் ராமநாதபுரம் ஏர்வாடியில் மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் சங்கிலியோடு வெந்துபோனதை யாரும் மறக்கவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. ஆனால் கட்டி வைத்திருக்கும் தாயை ஏசிவிட்டு, சங்கிலியை அவிழ்த்துப் போட்டுத் திரும்பி வருவது உதவியாகாது. அன்று ராத்திரி மகனைத் தனியாகப் பார்க்கப் போவது அவள்தான். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரியில் படுக்கை, கூட இருக்க ஓர் ஆள், எல்லாம் பேசி முடித்துவிட்டுப் போங்கள்.

சாகிற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்கப் பலருக்குத் தயக்கம். கேட்பதால் அந்த எண்ணம் வராது. போலீஸ் கேஸாகும் என்று பயந்து வீட்டார் மறைப்பார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதித் தண்டிக்காமல் விடும்படி அதே 2017 சட்டம் சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று பார்த்து, பூட்டி வைக்கச் சொல்லுங்கள். 14416 எந்நேரமும் தமிழில் பேசும் இலவச மனநல உதவி எண். அதைச் சுவர்க் காலண்டரில் எழுதி வையுங்கள்.

மழைக்காலத்துக்கு மாத்திரையை எண்ணிக் கொடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் பாதை அறுந்ததைப் பார்த்தோம். மலையில் காரையாறுக்கு மேலே காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்குச் சாதாரண நாளிலேயே போய்வருவது பாடு. இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகக் கொடுங்கள், ஆனால் தற்கொலை எண்ணம் இருப்பவர் என்றால் அவர் கையில் வேண்டாம், வீட்டில் பொறுப்பானவரிடம் கொடுங்கள்.

கடைசியாக, வராதவரைத் தேடாமல் விடுவது. கார்டில் இருக்கும் நம்பர் பெரும்பாலும் சென்னையில் இருக்கும் மகனுடையதாக இருக்கும், போனை நம்ப முடியாது. முகாமுக்கு யார் வரவில்லை என்று அன்று சாயங்காலமே எழுதி, அந்த வாரத்துக்குள் நேரில் போய்ப் பாருங்கள். அந்த அக்காவை நான் போய்ப் பார்த்தது நான்காவது மாதம். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாகியிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சுளகு மூலையில் சாத்திக் கிடந்தது.