நீட் மார்க்கை வைத்து சீட் கணக்குப் போடும்போது எங்கே சறுக்குகிறோம்?

நீட் ரிசல்ட் வந்த அன்று ராத்திரி தெரிந்தவர் ஒருவர் போன் செய்தார். "பொண்ணு குவாலிஃபைடுன்னு வந்திருக்கு சார், மதுரை மெடிக்கலா திருச்சியா, எது நல்லது?" மார்க் 212. ஸ்வீட் பாக்ஸ் வேறு வாங்கிவிட்டாராம். எனக்கு நாக்கே எழவில்லை.

தகுதி வேறு, சீட் வேறு. 2025-ல் பொதுப்பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 720-க்கு 144, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. இது ஏன் இவ்வளவு குறைவு என்றால், விதி கேட்பது 50 பெர்சன்டைல், 50 சதவீதம் இல்லை. எழுதியவர்களில் பாதிப் பேரைத் தாண்டினால் போதும், மார்க் எவ்வளவாக இருந்தாலும் சரி. அந்த வருடம் ஏறக்குறைய 22 லட்சம் பேர் எழுதி 12 லட்சம் பேருக்கு மேல் தகுதி பெற்றார்கள். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம்தான், அதிலும் ஏறக்குறைய பாதி தனியாரிடம். ஆக 212 எடுத்தவர் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டார், அவ்வளவுதான். பந்தியில் இலை கிடைக்குமா என்பது வேறு கதை.

அடுத்த தவறு, போன வருட மார்க்கை இந்த வருடத்துக்கு ஒட்டவைப்பது. 2024-ல் முதலில் வந்த ரிசல்ட்டில் 67 பேர் 720-க்கு 720. 2025-ல் பிசிக்ஸ் பிழிந்தெடுத்ததில் நாட்டிலேயே முதல் மார்க் 686, 650-ஐத் தாண்டியவர்கள் நூறு பேர்கூட இல்லை. 2024-ல் அதே 650 எடுத்தவருக்கு முன்னால் பல்லாயிரம் பேர் நின்றார்கள். முந்தைய வருட கட் ஆஃபைப் பார்த்து "நமக்கு வராது" என்று கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணாமலே விட்டுவிட்டு, பிறகு தன்னைவிடக் குறைவாக எடுத்த பையன் வெள்ளைக் கோட்டுடன் ஸ்டேட்டஸ் போடுவதைப் பார்த்து நொந்த ஒருவனை எனக்குத் தெரியும். இதில் பெற்றோர்களை முழுதாகக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. 2007 முதல் 2016 வரை இங்கே ப்ளஸ் டூ மார்க்கை 200-க்கு மாற்றித்தான் சீட் கொடுத்தார்கள், "197.5 இருந்தா கிடைச்சுடும்" என்று ஓரளவு உறுதியாகவே சொல்ல முடிந்தது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இப்போது ஒப்பிட வேண்டியது ரேங்கை, அதுவும் அகில இந்திய ரேங்கை இல்லை. மாநில ரேங்க் லிஸ்டில் உங்கள் பிரிவுக்குள் எத்தனையாவது ஆள் என்பதை. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று ஒவ்வொரு பிரிவுக்கும் கடைசி சீட் முடியும் இடம் வேறு.

ப்ளஸ் டூ மார்க்குக்கு மதிப்பே இல்லை என்று சிலர் பள்ளிக்கூடத்தையே ஒதுக்குகிறார்கள். ரேங்க் போடுவதில் அதற்கு இடமில்லை என்பது சரிதான். ஆனால் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதமும் இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதமும் இல்லாவிட்டால் நீட்டில் என்ன மார்க் இருந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நெகட்டிவ் மார்க் விஷயத்தில் இரண்டு கோஷ்டிகள். ஒன்று எதையும் விடாமல் குத்தும், மற்றது பயந்து பாதியை வெறுமையாக விடும். கணக்கைப் பாருங்கள். சரி என்றால் +4, தப்பு என்றால் -1. கண்ணை மூடிக்கொண்டு 20 கேள்விகளுக்குக் குத்தினால் சராசரியாக 5 சரி, 15 தப்பு: 20 கழித்தல் 15, கையில் மிஞ்சுவது 5. அதிர்ஷ்டம் கொஞ்சம் சறுக்கி 3 மட்டும் சரியானால் 12 கழித்தல் 17, ஐந்து மார்க் நஷ்டம். அதே 20 கேள்விகளில் இரண்டு ஆப்ஷன் நிச்சயம் இல்லை என்று அடிக்க முடிந்தால் பாதி சரியாகும், 40 கழித்தல் 10, லாபம் 30. அதனால் அடித்துக் கழிக்க முடிந்த கேள்வியை விடாதீர்கள், ஒன்றுமே தெரியாததைத் தொடாதீர்கள். ஒரே மார்க்கில் பலர் நின்றால் முதலில் பயாலஜி, அப்புறம் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் மார்க்கைப் பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால் தப்பு விடைகளின் விகிதம் கணக்கில் வரும்.

நல்ல மார்க் எடுத்தும் கோட்டை விடுவது பெரும்பாலும் காகிதத்தில்தான். அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும், அதற்கு எம்.சி.சி. என்ற மத்திய கவுன்சிலிங் குழுவிடம் தனியாகப் பதிய வேண்டும். மீதிக்கு நம் மாநிலத் தேர்வுக்குழுவிடம். இரண்டிலும் பதிய வேண்டும். இங்கே பி.சி. என்றால் அங்கே தானாக ஓ.பி.சி. ஆகிவிடாது. தாலுகா ஆபீஸில் மத்திய அரசு படிவத்தில் தனியாக ஓ.பி.சி. சர்டிஃபிகேட் வாங்க வேண்டும், குடும்பம் கிரீமி லேயருக்குள், அதாவது வசதியானவர்கள் என்று ஒதுக்கப்படும் பிரிவுக்குள், வரக் கூடாது. ரிசல்ட் வந்த பிறகு அதற்கு ஓடினால் வரிசையில் நிற்பதற்கே நாள் போதாது.

சாய்ஸ் ஃபில்லிங்கில் ஒரு வேடிக்கை உண்டு. "நம்ம ரேங்குக்கு சென்னை மெடிக்கல் காலேஜ் கிடைக்காது, அதை மேலே போட்டா சான்ஸ் வீணாயிடும்" என்று நினைத்து, கிடைக்கும் என்று தோன்றும் காலேஜை முதலில் போடுகிறார்கள். கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலில் மேலிருந்து கீழே வந்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கிறது. பெரிய காலேஜை மேலே போட்டதால் கீழே உள்ளது கைநழுவாது. மாற்றிப் போட்டால்தான் கிடைத்திருக்கக்கூடிய நல்ல இடம் போகும். ஃபீஸ் கட்டவே முடியாத காலேஜைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். முதல் சுற்றில் விலகுவது சுலபம், போகப் போக டெபாசிட் போகும்.

கடைசியாக, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. 2020-ல் வந்த இந்த ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒரு பெண், நல்ல ரேங்க், அந்தப் பட்டியலில் தாராளமாக இடம் கிடைத்திருக்கும். வீடு மாறியபோது பக்கத்தில் இருந்த மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு மட்டும் படித்திருந்தாள், அப்பா அதை மறந்தே போயிருந்தார். சர்டிஃபிகேட் சரிபார்ப்பு மேஜையில்தான் ஞாபகம் வந்தது.