கல்வெட்டு பளபளக்கும், குழாயில் தண்ணீர் வராது: சேவைச் சங்கத் தலைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை 1 வந்தால் ரோட்டரி, லயன்ஸ் இரண்டுக்குமே புது வருடம். ஊருக்கு ஊர் பதவியேற்பு விழா, ஃபிளெக்ஸ், விருந்து. போன வருடத் தலைவர் ‘பாஸ்ட் பிரசிடெண்ட்’ ஆகி முன்வரிசைக்குப் போய்விடுவார். புதியவர் கையில் இருப்பது பன்னிரண்டு மாதம். அதற்குள் என்ன செய்யலாம் என்று யோசனை கேட்டு வருகிறவர்கள், நாங்கள் ஒரு காலத்தில் தடுக்கி விழுந்த அதே திட்டங்களைத்தான் ஆசையோடு எழுதிக்கொண்டு வருகிறார்கள். கூட்டத்துக்கு நேரத்தோடு வாருங்கள், சந்தா பாக்கி வைக்காதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

திறப்பு விழாவோடு முடிந்துபோகிற கட்டடம்

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் அடங்காது. கொஞ்சம் நீளும்.

எங்கள் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. மாணவிகளுக்கு உருப்படியான கழிப்பறை இல்லை என்று ஒரு சங்கம் லட்சக்கணக்கில் திரட்டிக் கட்டிக் கொடுத்தது. டைல்ஸ், வாஷ்பேசின், மேலே சின்டெக்ஸ் தொட்டி என்று குறை சொல்ல முடியாத வேலை. சங்கத்தின் மாவட்ட ஆளுநர் (பல ஊர்ச் சங்கங்களுக்குப் பொறுப்பாளர்) வந்து ரிப்பன் வெட்டினார். வாசலில் கருப்பு கிரானைட். ஆளுநர் முதல் பொருளாளர் வரை எல்லார் பெயரும் தங்க எழுத்தில். பொங்கல் லீவு முடிந்து அந்தப் பக்கம் போனபோது கதவில் பூட்டு தொங்கியது. சாவி தலைமையாசிரியரின் பீரோவில்.

அவரைக் குறை சொல்ல முடியாது. தொட்டிக்கு ஊராட்சிக் குழாய்த் தண்ணீர்தான். அது ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், பள்ளி மணி அடிக்கும் முன்பே நின்றும் விடும். போர்வெல் ‘அடுத்த கட்டம்’ என்று தள்ளிப் போடப்பட்டிருந்தது. கழுவிவிட ஆள் கிடையாது. திறந்து வைத்துப் பார்த்தவர், நாற்றம் வகுப்பறை வரை வந்ததும் பூட்டிவிட்டார். பிள்ளைகள் பழையபடி தண்ணீர் குடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

எரிச்சல் இதோடு முடியவில்லை. அடுத்து வந்த தலைவரிடம், ஒரு போரும் மோட்டாரும் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிப் பார்த்தோம். அவர் அதே பள்ளிக்கு ஸ்மார்ட் கிளாஸ் கொடுத்தார். மோட்டாருக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? ஜூன் 30-க்குள் தன் பெயரில் ஒன்று திறந்தாக வேண்டும். முன்னவர் கட்டியதைப் பழுது பார்த்தால் பெயர் முன்னவருக்கே போகும்.

இது சங்கங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பொதுத்துறை நிறுவனங்கள் கட்டிய பள்ளிக் கழிப்பறைகளை மத்திய அரசின் தலைமைத் தணிக்கை அமைப்பான சி.ஏ.ஜி. ஆய்வு செய்து 2020-ல் கொடுத்த அறிக்கை, நேரில் பார்த்தவற்றில் 72 சதவீதத்துக்கு உள்ளே தண்ணீர் வசதி இல்லை என்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய முதல் ரோட்டரி சங்கம் கையில் எடுத்த முதல் பெரிய பொதுக் காரியமே கழிப்பறைதான். நகர மண்டபத்தை ஒட்டிப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று 1907-ல் ஆரம்பித்தார்கள். மதுக்கடைகளிலும் எங்கள் கடைகளிலுமே வசதி இருக்கிறதே என்று மது தயாரிப்பாளர்களும் பெரிய பல்பொருள் கடைக்காரர்களும் எதிர்த்தார்கள். திறக்க 1909 ஆனது. ரோட்டரிக்காரர்கள் நகர நிர்வாகத்தைப் பின்னாலேயே விரட்டிக் கட்ட வைத்தார்கள். ஒரு தலைவரின் வருடத்துக்குள் அடங்குகிற வேலையாக அது இருக்கவில்லை.

ஆகவே அடிக்கல்லுக்கு முன்னால் நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான்: சாவி யாரிடம்? தண்ணீர் எங்கிருந்து, தினமும் எத்தனை மணிக்கு? கழிவு எங்கே போகிறது? கழுவப் போகிறவர் யார், அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? பதிலைத் தலைமையாசிரியரிடம் மட்டும் வாங்காதீர்கள், அவருக்கு எப்போது வேண்டுமானாலும் மாறுதல் வரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எந்தக் குழாய் எப்போது வறளும் என்பதை அந்த அம்மாக்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அப்புறம், திரட்டிய பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது பராமரிப்புக்கென்று வங்கியில் போட்டுவையுங்கள். கட்டடம் ஓர் அறை சிறுத்தாலும் பரவாயில்லை.

சால்வை, நினைவுப் பரிசு

வேண்டாம். அந்தக் காசுக்கு மோட்டார் வரும்.

ஒரே நாளில் ஊர் ரத்தம் முழுவதும்

சுதந்திர தினத்தன்று மெகா முகாம் வைத்து, எண்ணிக்கையைப் போட்டு போட்டோ எடுப்பதில் எல்லாருக்கும் ஆசை. சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். தட்டணுக்களுக்கு ஐந்தே நாள். கொடுத்த ஆண்கள் 90 நாளும், பெண்கள் 120 நாளும் மறுபடி கொடுக்க முடியாது. எல்லாச் சங்கமும் ஆகஸ்ட் 15-ஐயே பிடித்துக்கொண்டால், கல்லூரிகள் மூடிக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் ரத்த வங்கி யாரிடம் போய் நிற்கும்? தேதியை அவர்களிடமே கேளுங்கள். ஐம்பது பேரை அழைத்துக்கொண்டு மே மாதம் போங்கள். பேப்பரில் வராது, ஆனால் வங்கிக்காரர் உங்கள் நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

கண் முகாம்

1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, உள்ளூர்ச் சங்கங்களைச் சேர்த்துக்கொண்டு முகாம் நடத்தும் முறையைத் தேய்த்துத் தேய்த்துச் சீராக்கி வைத்திருக்கிறது. மருத்துவம் அவர்கள் பாடு. இடம், விளம்பரம், ஆட்களைத் திரட்டுவது நம் பாடு. இதில் புதியவர்கள் கோட்டைவிடுவது இரண்டு இடத்தில். அறுவடை நாளில் தேதி குறிப்பார்கள். அறுவை முடிந்து திரும்பிய பாட்டியை மறுபரிசோதனைக்குக் கூட்டிவர மறந்துவிடுவார்கள்.

மரக்கன்று

கோடையில் தண்ணீர் ஊற்றப் போகிறவர் பெயர் தெரியாவிட்டால் குழி தோண்டாதீர்கள்.

வெள்ளி விழா மலர்

சங்க வரலாறு என்று முன்னாள் தலைவர்களின் மார்பளவுப் படங்களை வரிசையாகப் போடுகிறார்கள். கூடவே ‘போலியோவை ஒழித்தோம்’ என்று ஒரு வரி. ரோட்டரி 1985-ல் போலியோ பிளஸ் என்ற போலியோ ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில். 2014 மார்ச்சில் போலியோ இல்லை என்ற சான்றிதழ் வந்தது. இதெல்லாம் எல்லா ஊர் மலரிலும் இருக்கும். உங்கள் ஊரில் எந்தத் தெருமுனையில் பூத் போட்டீர்கள், மைக் கட்டிய ஆட்டோ யாருடையது, சொட்டு மருந்து வேண்டாம் என்ற வீட்டில் யார் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள், அதை எழுதுங்கள். அதற்கு மினிட் புக், அதாவது கூட்டக் குறிப்புப் புத்தகம் வேண்டும். செயலாளர் வருடா வருடம் மாறுவதால் பழைய புத்தகங்கள் ஆளுக்கொரு வீட்டுப் பரணில் கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த மாதமே எல்லாவற்றையும் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்துவிடுங்கள்.

பணம்

பொதுமக்கள் கொடுத்தது தனிக் கணக்கு, சந்தா தனிக் கணக்கு, இரண்டிலும் இரண்டு பேர் கையெழுத்து. ஓட்டல் பில் சந்தாவில்தான் போக வேண்டும்.