மீட்டர் போர்டு, சுவிட்ச் பல்புகளை எல்இடிக்கு மாற்றும்போது: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டி என்றால் ராத்திரியில் மீட்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்பீடோமீட்டரில் ஒரு பாதி மங்கிய மஞ்சளாக, மறு பாதி இருட்டாக இருக்கும், ஏசி குமிழில் எழுத்து தெரியாது, ஹசார்ட் சுவிட்சைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே உள்ள குண்டு பல்பின் கண்ணாடி கறுத்துப்போய், அதன் சூட்டில் ஹோல்டரும் பழுப்பேறியிருக்கும். மாருதி 800, ஜென், அம்பாசடர் மாதிரியான பழைய வண்டிகளில் இதை எல்இடிக்கு மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலைதான். புது வண்டிகள் பலவற்றில் எல்இடி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதில் மாற்றுவதற்குப் பல்பே கிடையாது, அதனால் அந்த வண்டிகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையில் "இதுதான் சார் நல்ல பிரைட்டு" என்று எடுத்துக் கொடுப்பதை வாங்கி எல்லா ஹோல்டரிலும் சொருகிவிடாதீர்கள். மீட்டர் போர்டில் ஒவ்வொரு பல்புக்கும் ஒவ்வொரு வேலை இருக்கிறது. சில இடத்துக்கு நிறம் முக்கியம், சில இடத்துக்கு வெளிச்சம் பரவும் கோணம் முக்கியம், ஒரு பல்பை மட்டும் மாற்றவே கூடாது. ராத்திரி நெடுஞ்சாலையில் மீட்டர் வெள்ளை வெளேரென்று அடித்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும், முன்னால் லைட் இல்லாமல் போகும் சைக்கிள்காரர் உங்களுக்குத் தெரியமாட்டார். மீட்டர் தெளிவாகத் தெரிந்தால் போதும், பளிச்சென்று அடிக்க வேண்டியதில்லை.

பல்பு வாங்கும் முன் வண்டியில் இருப்பதை ஒன்று கழற்றிப் பாருங்கள். கண்ணாடியின் விட்டம்தான் சைஸ். டி10 என்றால் சுமார் 10 மில்லிமீட்டர், டி5 என்றால் 5. மீட்டருக்கு வெளிச்சம் தருவது பெரும்பாலும் டி10, எச்சரிக்கை விளக்குகளுக்கும் ஏசி பேனலுக்கும் டி5, சுவிட்சுக்குள் அதைவிடச் சிறிய டி4.2, டி3 வகைகள் என்று இருக்கும். பல்பும் ஹோல்டரும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரே துண்டாக, கால் சுற்று திருப்பிக் கழற்றுகிற வகையும் உண்டு. அதற்கு ஹோல்டரோடு சேர்ந்த எல்இடிதான் வாங்க வேண்டும். சென்னையில் ஜிபி ரோட்டில் ஆயத்த எல்இடி பல்புகள் கிடைக்கும், ரெசிஸ்டர், தனி எல்இடி என்று சில்லறைச் சாமான் வேண்டுமானால் ரிச்சி தெரு. கழற்றிய பழைய பல்பை ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோவது நல்லது. கடைக்காரரிடம் வாயால் சைஸ் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

வாங்கும்போது எல்இடியின் சில்லு (வெளிச்சம் விடும் சின்னத் துண்டு) எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். குண்டு பல்பு எல்லாத் திசையிலும் வெளிச்சம் விடும், அதை வைத்துத்தான் மீட்டரின் பின்னால் உள்ள வெள்ளை அறையை வடிவமைத்திருக்கிறார்கள். நுனியில் மட்டும் ஒரே ஒரு சில்லு உள்ள எல்இடியை அங்கே வைத்தால் 60-க்கும் 80-க்கும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, மற்ற எண்கள் இருட்டு. அந்த இடத்துக்குப் பக்கவாட்டிலும் சில்லு ஒட்டியது, அல்லது மேலே பால் நிற மூடி போட்டதுதான் வேண்டும். ஏசி பேனல் மாதிரி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டை வழியாக வெளிச்சம் எழுத்துக்குப் போகிற இடங்களில் நிலைமை தலைகீழ். அங்கே நேராக அந்தப் பட்டைக்குள் அடிக்கும் எல்இடிதான் எடுபடும்.

அடுத்தது நிறம். இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பல வண்டிகளில் பல்பின் மேல் பச்சையாகவோ நீலமாகவோ ஒரு ரப்பர் தொப்பி இருக்கும், அல்லது மீட்டர் முகத்துக்குப் பின்னாலேயே நிறம் அச்சடித்திருக்கும். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடியின் மேல் மஞ்சள் பூச்சு போட்டது. அதில் நீலம் தூக்கலாக இருக்கும், சிவப்பு குறைவு. அதனால் பச்சை வடிகட்டிக்குப் பின்னால் குளிர்ந்த வெள்ளையை வைத்தால் நீலம் கலந்த ஒரு நிறம் வரும், சிவப்புக்குப் பின்னால் வைத்தால் மங்கலாகிவிடும். சுலபமான வழி: வெளியே எந்த நிறம் தெரிய வேண்டுமோ அதே நிறத்தில் எல்இடி வாங்குங்கள். ஆயில், பிரேக் போன்ற சிவப்பு விளக்குகளுக்குச் சிவப்பு எல்இடி, இண்டிகேட்டர் அம்புக்குறிக்குப் பச்சை. மீட்டரின் பொது வெளிச்சம் வெள்ளையாக இருக்க வேண்டுமென்றால் வார்ம் ஒயிட் எடுங்கள், ராத்திரியில் கண்ணுக்கு இதம்.

பிரைட் லைட் போட்டால் எரியும் நீல விளக்கை அப்படியே விட்டுவிடச் சொல்வேன். குண்டு பல்பின் வெளிச்சத்தில் நீலம் ரொம்பக் குறைவு, அதனால்தான் அந்த வடிகட்டிக்குப் பின்னால் அது அடக்கமாக எரிகிறது. அங்கே வெள்ளை எல்இடி போனால் முகத்துக்கு நேராக நீல டார்ச் அடித்த மாதிரி இருக்கும்.

தொடவே கூடாத பல்பு, பேட்டரி படம் போட்ட சார்ஜ் விளக்கு. பழைய வண்டிகளில் அது வெறும் எச்சரிக்கை விளக்கு இல்லை. சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து கரண்ட் இந்தப் பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டரின் (என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி, பேச்சுவழக்கில் டைனமோ) சுருளுக்குப் போய் அதற்கு முதல் காந்த சக்தியைக் கொடுக்கிறது. இரண்டு மூன்று வாட் பல்பில் 200 மில்லிஆம்பியர் பக்கம் பாயும், எல்இடியில் 20-கூடப் பாயாது. அப்புறம் என்ன ஆகும்? வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் நன்றாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து ரெய்ஸ் செய்யும்வரை ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாமல் சும்மா சுற்றும். ஊருக்குள் மெதுவாக ஓட்டுபவர் என்றால் பேட்டரி இறங்கிய பிறகுதான் விஷயமே தெரியவரும், பேட்டரி போச்சு, டைனமோ போச்சு என்று தேவையில்லாத செலவு வேறு. அங்கே எல்இடிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும், அதுவும் சூடாகும், பிளாஸ்டிக்கைத் தொடாமல் வைக்க வேண்டும். எதற்கு இந்த வம்பு, குண்டு பல்பே இருக்கட்டும்.

சரி, கழற்றுவதற்கு வருவோம். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி ஓரமாக ஒதுக்கிவையுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அதன்பின் சில நிமிடம் காத்திருந்து தொடங்குங்கள். மஞ்சள் கப்ளர் (வயர்களை இணைக்கும் சொருகி) எதைக் கண்டாலும் ஏர்பேக்குடையது என்று எண்ணி அதன் பக்கமே கை போகக்கூடாது. மீட்டர் கப்ளரைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போட்டுப் பார்க்கவும் கூடாது, ஏர்பேக் விளக்கு நிரந்தரமாக எரிய ஆரம்பித்துவிடலாம். ஸ்டீயரிங் இறங்கும் என்றால் முழுக்க இறக்கி, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள், கீறல் விழாது. மீட்டரைச் சுற்றியுள்ள பேனலின் மேல் விளிம்பில் ஸ்க்ரூக்கள் தெரியும், அவற்றைக் கழற்றிய பின் பேனல் கிளிப்பில் நிற்கும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாமல் பழைய ஏடிஎம் கார்டு மாதிரி பிளாஸ்டிக்கை விட்டுத் தள்ளுங்கள், வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் சட்டென்று உடையும். எல்லா ஸ்க்ரூவும் வந்தபின்னும் அசையவில்லை என்றால் எங்கேயோ ஒன்று ஒளிந்திருக்கிறது, இழுக்காதீர்கள், தேடுங்கள்.

மீட்டரின் ஸ்க்ரூக்களைக் கழற்றி அதை உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்த்தால் பின்னால் கப்ளர்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு லாக் உண்டு, அதை அழுத்திக்கொண்டு கப்ளரைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. கேபிள் ஸ்பீடோமீட்டர் உள்ள வண்டியில் கேபிளின் நுனியில் உள்ள கிளிப்பை அழுத்தினால் கழன்று வரும். கை நுழையவில்லை என்றால் என்ஜின் பக்கமிருந்து யாராவது கேபிளைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொடுத்தால் வேலை சுலபம். வெளியே எடுத்த மீட்டரைக் குப்புறப் போட வேண்டாம், நின்ற வாக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். சில மீட்டர்களில் முள் ஆடாமலிருக்க உள்ளே சிலிகான் எண்ணெய் இருக்கும், கவிழ்த்தால் அது முகத்தில் இறங்கிவிடும். முள்ளை விரலால் தொடவே வேண்டாம்.

பின்புறத்தில் காகிதம் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடுவதைப் பார்ப்பீர்கள், பழைய வண்டிகளில் சர்க்யூட்டே அதுதான். முதலில் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஹோல்டரைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால் வெளியே வரும். ஹோல்டரின் இரண்டு பித்தளைக் காதுகள் அந்தச் செம்பின் மேல் அழுந்தி நின்ற இடத்தில் கறுப்பாகத் தடம் இருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்தால் செம்பு பளபளவென்று வரும், உப்புத்தாள் போட்டால் செம்பே போய்விடும். பாதி மீட்டர்களில் மங்கலுக்குக் காரணமே இந்த அழுக்குத்தான் என்பேன்.

கண்ணாடிப் பல்பை நேராக இழுத்து எடுத்துவிட்டு எல்இடியைச் சொருகுங்கள். தொளதொளவென்று இருந்தால் அதன் அடியில் மடக்கியிருக்கும் மெல்லிய கம்பிகளை நகத்தால் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டால் இறுக்கமாக நிற்கும். எல்இடிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு, தலைகீழாகப் போட்டால் கெட்டுப்போகாது, எரியாது, அவ்வளவுதான். ஹோல்டரைக் கழற்றி 180 டிகிரி திருப்பிப் போட்டால் சரி. இரு பக்கமும் எரிகிற வகையும் விற்கிறார்கள், ஒரே பல்பில் இடது வலது இரண்டு இண்டிகேட்டரையும் காட்டுகிற மீட்டராக இருந்தால் அந்த வகைதான் வேலை செய்யும்.

சுவிட்சுகளில் வேலை இன்னும் நுணுக்கம். பல்பு ஆழமான குழிக்குள் இருக்கும், விரலும் போகாது, குறடு விட்டால் கண்ணாடி நொறுங்கும். சைக்கிள் வால் டியூபில் ஒரு விரல் நீளத் துண்டு வெட்டி அதன் வாயைப் பல்பின் தலையில் மாட்டி இழுங்கள், அழகாக வந்துவிடும். புதியதை உள்ளே சொருகவும் அதே டியூப்தான்.

சில சுவிட்சுகளில் பல்பே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அங்கே 3 மில்லிமீட்டர் எல்இடி ஒன்றும், அதனோடு தொடராக ஒரு ரெசிஸ்டரும் போட வேண்டும். என்ஜின் ஓடும்போது வண்டியில் 14.4 வோல்ட் வரை இருக்கும், வெள்ளை எல்இடிக்கு 3.2 வோல்ட் போக மீதி 11.2. 1 கிலோ ஓம் போட்டால் 11 மில்லிஆம்பியர், 2.2 கிலோ ஓம் போட்டால் 5. சுவிட்சுக்கு 5 தாராளம், கால் வாட் ரெசிஸ்டர் போதும். ரெசிஸ்டரின் மேல் உள்ள நிறக் கோடுகளில் முதல் மூன்றும் சிவப்பாக இருப்பதுதான் 2.2 கிலோ ஓம். சால்டர் வைத்த இடத்தில் ஸ்லீவ் (கம்பியை மூடும் பிளாஸ்டிக் குழாய்) போட மறக்காதீர்கள்.

மீட்டரை மாட்டுமுன் சோதிக்க வேண்டும். கப்ளர்களை எல்லாம் பொருத்தி, ஸ்க்ரூ போடாமல், பேட்டரியை இணையுங்கள். பார்க் லைட்டைப் போட்டுப் பொது வெளிச்சம் சமமாக இருக்கிறதா பாருங்கள். சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் ஆயில், சார்ஜ், செக் என்ஜின் விளக்குகள் எரிகின்றனவா பாருங்கள். ஹேண்ட் பிரேக், இரண்டு இண்டிகேட்டர், பிரைட், கதவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். இதை அவசரமாகச் செய்யாதீர்கள். தலைகீழாக நிற்கும் ஒரு ஆயில் எல்இடி, என்ஜினில் ஆயில் பிரஷர் விழுந்தாலும் எரியாது, என்ஜின் சீஸ் ஆகும்வரை உங்களுக்குத் தெரியாது.

அணைந்திருக்க வேண்டிய விளக்கு இருட்டில் மினுக் மினுக்கென்று தெரிந்தால், சர்க்யூட்டில் கசியும் துளி கரண்டே எல்இடிக்குப் போதுமானதாகிவிட்டது என்று அர்த்தம். எல்இடிக்கு இணையாக 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும், அதற்கும் அடங்காவிட்டால் அந்த இடத்துக்குக் குண்டு பல்பையே திருப்பிப் போடுங்கள். மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உள்ள வண்டிகளில் அது முன்போல் சீராகக் குறையாமல் போகலாம். அப்படி இருந்தால் முதலிலேயே பிரகாசம் குறைந்த எல்இடியாக வாங்கிக்கொள்வதுதான் வழி.

இன்னொரு விஷயம், எல்லா ஸ்க்ரூவையும் இறுக்குவதற்கு முன் அன்று ராத்திரி தெருவிளக்கு இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். வீட்டு வாசலில் பகலில் அழகாகத் தெரிந்தது இருட்டில் கூசலாம், கண்ணாடியில் பிரதிபலிக்கலாம். கூசினால் பொது வெளிச்சத்துக்குப் போட்டதில் ஒன்றைக் குறைந்த வாட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கழற்றிய குண்டு பல்புகளில் கறுக்காமல் நன்றாக எரிபவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். பஞ்சில் சுற்றி ஒரு சின்ன டப்பாவில் டேஷ்போர்டு பெட்டியிலேயே வைத்திருங்கள். சார்ஜ் விளக்கு ஒருநாள் ஃபியூஸ் ஆகும், அதற்கு அதே வாட் பல்புதான் வேண்டும்.