மைக்கிலேயே ஒலி உடைந்த பிறகு ஃப்ளோட் என்ன செய்யும்? களப்பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள், மெமரி கார்டைக் காலி செய்துகொள்ளுங்கள், சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தானாகவே மனதில் பதிந்துவிடும். கோயில் கச்சேரி, தெருக்கூத்து, ஏரிப் பறவைகள் என்று ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் புதியவர்கள் சிலர் தங்கள் பதிவுகளை என்னிடம் போட்டுக் காட்டுகிறார்கள். பட்ட பிறகும் பட்டது தெரியாத தவறுகளே அவற்றில் அதிகம். பல நானும் செய்து கடந்தவைதான். ஒன்று மட்டும் இந்தத் தலைமுறைக் கருவிகளோடு வந்தது: ‘32-பிட் ஃப்ளோட்’ என்னும் பதிவு முறையை அளவுக்கு மீறி நம்புவது. எரிச்சல் அதில்தான்.

‘32-பிட் ஃப்ளோட் இருக்கிறது, லெவல் பார்க்க வேண்டாம்’

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் நாதஸ்வரக் கச்சேரி. இளைஞர் ஒருவர் தவிலின் வலந்தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சிறிய கண்டென்சர் மைக் ஒன்றை நிறுத்தியிருக்கிறார். கூடு மாட்டிய விரல்கள் வந்து விழும் பக்கம் அது. ரிக்கார்டர் புத்தம் புதியது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதுமே ஹெட்போனில் கரகரவென்று கேட்டிருக்கிறது. “ஃப்ளோட்தானே அண்ணா, வீட்டில் குறைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்” என்றார்.

கணினியில் போட்டு 20 டெசிபல் குறைத்தோம். சத்தம் அடங்கியது, கரகரப்பு அடங்கவில்லை. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வலந்தலையின் ஒவ்வொரு சொல்லும் மேலே எழும்பி, ஒரே உயரத்தில் இளநீர் சீவியதுபோலத் தட்டையாக நின்றது. இன்னும் 20 குறைத்தாலும் அதே தட்டை, அளவில் சிறியதாக. அடி வாங்கியது மைக். ரிக்கார்டர், மைக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் எழுதி வைத்திருக்கிறது.

ஃப்ளோட் பொய்யல்ல. இத்தகைய ரிக்கார்டர்களுக்குள் மெல்லிய ஒலிக்கு ஒன்று, பெருத்த ஒலிக்கு ஒன்று என ஒலியை எண்களாக்கும் மாற்றிகள் இரண்டு ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. இரண்டையும் கோத்து ஒரே கோப்பாக எழுதுவதால் சாதாரணக் கோப்பின் உச்ச எல்லையான 0 டெசிபல் கோட்டைத் தாண்டிய ஒலியையும் பிறகு கீழே இழுத்துக்கொள்ளலாம். 24-பிட் கோப்பின் வீச்சு 144 டெசிபல் என்றால் இதன் வீச்சு கணக்குப்படி 1,500 டெசிபலுக்கும் மேல். விளம்பரத்தில் இந்த எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அது கோப்பின் கொள்ளளவு மட்டுமே. மைக்கின் தகடும் அதற்குப் பின்னால் உள்ள சின்னஞ்சிறு ஆம்ப்ளிஃபயரும் எவ்வளவு தாங்கும் என்பது தனிக் கணக்கு. திரைப்படக்காரர்கள் காலங்காலமாக நம்பும் சென்ஹைசர் எம்கேஎச் 416 மைக்குக்கே 130 டெசிபல்தான் எல்லை. கையடக்க ரிக்கார்டர்கள் சிலவற்றின் உள் மைக் 120-லேயே கைவிட்டுவிடும்.

மைக்கோடு தொல்லை முடிவதில்லை. சவுண்டு சர்வீஸ்காரரின் மிக்ஸரிலிருந்து கேபிள் வாங்குகிறீர்கள். அவர் அங்கேயே சிவப்பில் ஓட்டிக்கொண்டிருந்தால் உங்களிடம் வருவது ஏற்கெனவே உடைந்த ஒலி. அவர் சரியாகவே கொடுத்தாலும், மைக் தருவதைவிடப் பல மடங்கு வலுவான அந்த லைன் லெவலை மைக் உள்ளீட்டில் செருகினால் ரிக்கார்டரின் வாசலிலேயே உடையும். சட்டையில் மாட்டும் வயர்லெஸ் மைக்கிலும் இதே கதை: ஒலி சட்டைப் பக்கத்து அனுப்பியிலேயே உடைந்துவிட்டால், ரிசீவரை எதில் செருகினாலும் பயனில்லை. மெல்லிய ஒலியின் பக்கமும் அற்புதம் எதுவும் நடக்காது. விடியற்காலைக் காட்டின் அமைதியைப் பதிந்து 40 டெசிபல் தூக்கினால், மைக்கின் சொந்த இரைச்சலும் 40 டெசிபல் எழும்பும்.

இதில் ஒரு பொறியும் உண்டு. ஃப்ளோட் பதிவில் சில நேரம் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் மட்டும் திணறும். கோப்பு நன்றாகவே இருக்கும். இரண்டு மூன்று முறை அப்படித் தப்பித்தவர், கரகரப்பு கேட்டாலே ‘ஹெட்போன்தான்’ என்று அலட்சியப்படுத்தப் பழகிவிடுகிறார். காது எச்சரித்ததைக் கருவியின் பெயரால் தள்ளிவிடுவது! அந்த வித்வானிடம் போய், அதே தனியை மறுபடி வாசியுங்கள் என்று யார் கேட்பது?

கலைஞர்கள் சுருதி சேர்க்கும்போதோ பறையைத் தீயில் காய்ச்சும்போதோ, உரத்து நாலு அடி அடிக்கச் சொல்லிப் பதியுங்கள். பதிந்ததை அங்கேயே லெவல் குறைத்துக் கேளுங்கள். கரகரப்பு போய்விட்டால் அது ஹெட்போன். போகாவிட்டால் மைக்கைத் தள்ளி வையுங்கள்; திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். மைக்கின் உடம்பிலேயே லெவலைக் குறைக்கும் ‘பேட்’ சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். ரிக்கார்டரில் உள்ள பேட் இதற்கு உதவாது, மைக்கில் ஒலி உடைந்த பிறகுதான் அதன் முறை வரும். இடமே இல்லை, ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்றால் ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக். உள்ளே திணறுவதற்கு ஆம்ப்ளிஃபயரே கிடையாது.

நீள மைக் தூரத்தைப் பக்கத்தில் கொண்டுவரும்

கொண்டுவராது. ஷாட்கன் எனப்படும் இந்த நீள மைக் பக்கவாட்டு ஒலியைக் குறைக்கும், அதுவும் மேல் ஸ்தாயியில். சாலையில் போகும் லாரியின் உறுமல் அதற்குள் தாராளமாக வரும். எதிரொலிக்கும் கல் மண்டபத்தில் ஒலியின் நிறமே மாறிவிடும். அங்கே முன்பக்க ஒலியைக் குறுகலாக எடுக்கும், நீளம் குறைந்த ஹைப்பர்கார்டியாய்டு மைக் மேல்.

வேடந்தாங்கல் கரையில் நின்று ஷாட்கன் மைக்கை நீட்டினால் ஏரி முழுவதும் வரும், நீங்கள் குறிவைத்த கூடு வராது. ஒரே பறவை வேண்டுமென்றால் பரவளையக் கிண்ணம் வாங்குங்கள். அதற்கும் எல்லை உண்டு: அரை மீட்டர் அகலக் கிண்ணம் சுமார் 700 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைத்தான் நன்றாகத் திரட்டும். கொம்பன் ஆந்தையின் அடிக்குரலுக்கு அது பெரிதாக உதவாது. பக்கத்தில் போக வழி உண்டா என்று முதலில் பாருங்கள். செலவில்லாத வழி அது.

ஆட்டோ லெவல்

ஒலி குறைந்தால் தானே லெவலை ஏற்றும் வசதி இது. அணைத்துவிடுங்கள். கூத்தில் கட்டியங்காரன் மூச்சு வாங்கும் இடைவெளியில் தவளையும் ஜெனரேட்டரும் மேடையேறிவிடும்.

காற்றுக்கு ஸ்பாஞ்ச்

மைக்கோடு இலவசமாக வரும் கறுப்பு ஸ்பாஞ்ச், பேசுபவரின் மூச்சுக்கு. கடற்கரைக்கும் வயல்வெளிக்கும் முடி வைத்த உறை வேண்டும். அடி ஒலியை வெட்டும் லோ-கட் வடிகட்டியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பதும் அரை உண்மைதான். காற்று மோதி மைக் திணறிய இடத்தில், கணினி வடிகட்டி எதையும் மீட்டுத் தராது.

எம்பி3

வேண்டாம்.

48 வோல்ட் குழப்பம்

3.5 மி.மீ. பிளக் வைத்த சிறு மைக்குகளுக்குச் சில வோல்ட் போதும். பெரிய மைக்குகளுக்கான மூன்று முனை எக்ஸ்எல்ஆர் இணைப்பு வழியாக வருவது 48 வோல்ட். இரண்டையும் இணைக்கும் அடாப்டர்களில் சிலவற்றுள் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்று இருக்கும், சிலவற்றில் வெறும் கம்பிதான்; 48 வோல்ட்டும் நேராகச் சிறு மைக்குக்குள் போய்விடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாங்கும்போதே கேளுங்கள்.

பெயரில்லாத கோப்பு

தொடக்கத்தில் ஊர், தேதி, கலைஞர் பெயர், மைக் இருந்த இடம் ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு யாரும் பேசாத ஒரு நிமிடத்தையும் பதியுங்கள். இரண்டு துண்டுகளை ஒட்டும்போது அது இல்லாமல் திண்டாடுவீர்கள்.

விடிய விடிய ஒரே கோப்பு

கூத்து இரவு தொடங்கி விடியும்வரை போகும். சாதாரண வேவ் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24-பிட், ஸ்டீரியோ என்றால் மணிக்குச் சுமார் 1 ஜி.பி.; 96 கிலோஹெர்ட்ஸ், ஃப்ளோட் என்றால் 2.7 ஜி.பி.யைத் தாண்டும். எல்லை வந்ததும் ரிக்கார்டரே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். பதறி எழுந்து நிறுத்த வேண்டியதில்லை. வீட்டில் இரண்டையும் அப்படியே முனையோடு முனை வையுங்கள். நடுவில் ஒன்றன் மேல் ஒன்றை ஏற்றிக் குழைத்தால் அந்த இடத்தில் தாளம் தடுக்கும்.

பவர் பேங்க்கில் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. சிறிய ரிக்கார்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், எதுவும் மாட்டப்படவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்க்குகள் தாமாகவே அணைந்துவிடும். அந்த நேரத்தில் கைகொடுக்க ரிக்கார்டருக்குள்ளும் புதிய பேட்டரி இருக்கட்டும்.